பெட்டகத்துக்குப் போன காமிக்ஸ்

1975-இல் அமெரிக்காவில் ஒரு ஸ்பைடர்மேன் இதழின் விலை 25 சென்ட். அந்த ஆண்டு அங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2 டாலர் 10 சென்ட். உணவகத்தில் தட்டு கழுவிய பையன் ஏழு நிமிட உழைப்பில் ஒரு இதழை வாங்கிவிடுவான். இன்று அதேபோன்ற இதழ் பெரும்பாலும் 4 டாலர் 99 சென்ட். கூட்டாட்சி அரசின் குறைந்தபட்சக் கூலி 2009-இல் 7 டாலர் 25 சென்ட் ஆனதோடு சரி, அதன்பிறகு அசையவில்லை. அந்தக் கூலி வாங்குபவர் ஒரு இதழுக்கு 41 நிமிடம் உழைக்க வேண்டும். பல மாநிலங்களில் கூலி கூடுதல்தான். மணிக்கு 15 டாலர் வாங்குபவருக்கும் 20 நிமிடம் ஆகிறது. கையில் கிடைப்பதோ இருபது பக்கச் சொச்சம் கதை. கால் மணி நேரத்தில் படித்து முடித்துவிடலாம்.

2025 நவம்பரில் டெக்ஸாஸ் மாநிலத்தின் ஹெரிட்டேஜ் ஏல நிறுவனம், 1939-இல் வெளிவந்த 'சூப்பர்மேன்' முதல் இதழின் ஒரு பிரதியை 91 லட்சத்து 20 ஆயிரம் டாலருக்கு விற்றது. நம் பணத்தில் சுமார் 80 கோடி ரூபாய். காலமான தாயின் வீட்டுப் பரணில், பழைய செய்தித்தாள்களோடு அட்டைப்பெட்டியில் கிடந்ததைப் பிள்ளைகள் கண்டெடுத்தார்கள். அச்சானபோது அதன் விலை 10 சென்ட்.

முதல் செய்தியை விலைவாசிக் கணக்கிலும் இரண்டாவதை அதிசயக் கணக்கிலும் சேர்த்துவிட்டு நாம் கடந்துபோகிறோம். எனக்கு இரண்டும் ஒரே கதையாகத்தான் தெரிகிறது. பழைய இதழ்கள் அரிதாகி விலை ஏறியதைப் பார்த்த வியாபாரம், புதிய இதழ்களையும் அரிதாக்கி விற்கக் கற்றுக்கொண்டது. பழையவை அரிதானது தானாக நேர்ந்தது. அதில் யார் சூதும் இல்லை. புதியவற்றை அரிதாக்குவது திட்டமிட்டுச் செய்வது. இரண்டுக்கும் நடுவில் நசுங்குபவர், கதை பிடித்துப்போய் மாதாமாதம் வாங்கிச் சேர்க்கும் சாதாரண வாசகர்.

கிழிந்ததால் வந்த விலை

1938-இல் சூப்பர்மேன் முதன்முதலாகத் தோன்றிய 'ஆக்ஷன் காமிக்ஸ்' முதல் இதழ் சுமார் 2 லட்சம் பிரதி அச்சானது. இன்று உலகம் முழுக்கத் தேடினாலும் நூறு பிரதிகள் அளவில்தான் மிஞ்சியிருக்கும் என்பது சேகரிப்பாளர்களின் கணிப்பு. மற்றவை எங்கே போயின? பிள்ளைகள் சுருட்டிக் கால்சட்டைப் பையில் செருகினார்கள். தம்பிக்குக் கொடுத்தார்கள், பக்கத்து வீட்டுப் பையனோடு மாற்றிக்கொண்டார்கள். மலிவான செய்தித்தாள் காகிதம் சில ஆண்டுகளில் மஞ்சளாகி, ஓரம் பொடிந்து உதிர்ந்தது. இரண்டாம் உலகப் போரின்போது பழைய காகிதம் திரட்டும் இயக்கம் நடந்தது. நாட்டுக்குச் செய்யும் கடமை என்று குழந்தைகளே தங்கள் காமிக்ஸ் கட்டுகளைத் தூக்கிக் கொடுத்தார்கள்.

போர் முடிந்ததும் வேறொரு ஆபத்து வந்தது. காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்ற பேச்சு பரவி, 1948-இல் நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டன் போன்ற ஊர்களில் குவித்துப்போட்டுத் தீ வைத்தார்கள். 1954-இல் மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தாம் இதே குற்றச்சாட்டோடு ஒரு புத்தகம் எழுதினார். செனட் சபை விசாரணை நடத்தியது. வீட்டில் அம்மாக்கள் பெட்டிகளைக் காலி செய்தார்கள். இத்தனைக்கும் தப்பியவைதான் இன்று ஏலத்துக்கு வருகின்றன.

ஆகவே அந்தப் பழைய இதழ்களின் விலையில் ஒரு நேர்மை இருக்கிறது. எவரும் ஒளித்து வைக்கவில்லை. கோடிக்கணக்கான பிள்ளைகள் படித்துத் தீர்த்ததால் தீர்ந்துபோனவை அவை. 1970-இல் ராபர்ட் ஓவர்ஸ்ட்ரீட் தன் முதல் விலைக் கையேட்டை வெளியிட்டபோது, 'ஆக்ஷன் காமிக்ஸ்' முதல் இதழுக்கு அவர் போட்ட மதிப்பு 300 டாலர். பத்து சென்ட் இதழுக்கா இவ்வளவு என்று அன்று பலர் வியந்திருப்பார்கள். ஆனால் அந்தக் கையேடு ஒரு காரியம் செய்தது. பழைய காமிக்ஸுக்கு ஒரு விலை உண்டு என்பதை நாடு முழுவதும் அறிந்துகொண்டது.

1977-இல் கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரில் எட்கர் சர்ச் என்ற வணிக ஓவியரின் வீட்டை அவர் குடும்பத்தார் காலி செய்தபோது, அடித்தளத்தில் பல்லாயிரம் காமிக்ஸ் இதழ்கள் கிடைத்தன. 1930-களின் பிற்பகுதியிலிருந்து வாங்கி, ஒன்றின்மேல் ஒன்றாக அழுத்தி அடுக்கி வைத்திருந்தார். வறண்ட மலைக்காற்று காகிதத்தைக் காப்பாற்றியிருந்தது. சக் ரொஸான்ஸ்கி என்ற இளம் கடைக்காரர் மொத்தமாக வாங்கினார். 'மைல் ஹை' தொகுப்பு என்று இன்றும் சேகரிப்பாளர்கள் மரியாதையோடு சொல்கிறார்கள். அதிலிருந்து வந்த பிரதி என்றாலே தனி விலை. விற்கலாம் என்ற எண்ணம் எதுவும் இல்லாமல் ஒருவர் பாதுகாத்து வைத்ததுதான் காமிக்ஸ் உலகின் மிகச் சிறந்த தொகுப்பாக ஆனது. இதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

1974-இல் வந்த 'இன்க்ரெடிபிள் ஹல்க்' 181-ஆம் இதழின் கதையும் மனதைத் தொடும். வுல்வரின் முழுமையாகத் தோன்றிய முதல் இதழ் அது. விலை 25 சென்ட். அதை வெளியிட்ட மார்வெல் நிறுவனத்தின் அந்தக் காலத்து இதழ்களின் உட்பக்கத்தில் சிறிய படமுத்திரைகள் இருக்கும். வெட்டி எடுத்து ஆல்பத்தில் ஒட்டிச் சேருங்கள் என்று பதிப்பாளரே பிள்ளைகளிடம் சொன்னார். பிள்ளைகள் கத்தரிக்கோலை எடுத்தார்கள். இன்று அந்த முத்திரை வெட்டப்பட்ட 181-ஆம் இதழ் 'முழுமையற்றது'. விலை பாதாளத்துக்கு விழுந்துவிடுகிறது. வெட்டாத பிரதிக்கு ஆயிரக்கணக்கான டாலர். புத்தகத்தைச் சொன்னபடி அனுபவித்த குழந்தையின் பிரதி குறைபாடுள்ளதாகிவிட்டது.

எண்பது லட்சம் பிரதி

1980-களின் இறுதியில் பழைய இதழ்களின் ஏல விலைகள் செய்தித்தாள்களில் வரத் தொடங்கின. புதிய இதழ் வாங்கி வைத்தால் பிள்ளையின் கல்லூரிச் செலவுக்கு ஆகும் என்று நம்பியவர்கள் கடைகளுக்கு வந்தார்கள். பதிப்பாளர்கள் அவர்களுக்காகவே அச்சிட்டார்கள். 1991-இல் 'எக்ஸ்-மென்' முதல் இதழ் ஐந்து விதமான அட்டைகளோடு வந்து, கடைகளின் முன்பதிவில் 81 லட்சம் பிரதியைத் தொட்டது. உலக சாதனை. 1992 நவம்பரில் சூப்பர்மேன் சாகும் 75-ஆம் இதழ் கறுப்புப் பையில் மூடி விற்பனைக்கு வந்தது. லட்சக்கணக்கானோர் வாங்கினார்கள், பலர் பையைப் பிரிக்கவே இல்லை. பிரித்தால் மதிப்புப் போய்விடுமாம். உள்ளே இருந்த கதையைப் படிக்க, இரண்டாவது பிரதியையும் வாங்கியவர்கள் உண்டு.

எல்லோரும் பத்திரப்படுத்திய பொருள் எப்படி அரிதாகும்? இந்தக் கேள்வியை அப்போது கேட்டவர்கள் சிலரே. அடுத்த சில ஆண்டுகளில் வாங்க ஆளில்லாமல் சந்தை சரிந்தது. ஆயிரக்கணக்கான காமிக்ஸ் கடைகள் மூடின. 1996 டிசம்பரில் மார்வெல் நிறுவனமே திவால் மனு கொடுத்தது. அந்த 'எக்ஸ்-மென்' முதல் இதழ் இன்றும் சில டாலருக்குக் கிடைக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிளாஸ்டிக் உறையில் காத்தவர்களுக்கு, உறையின் விலைகூடத் திரும்பவில்லை.

திறக்க முடியாத புத்தகம்

2000-இல் அமெரிக்காவில் சிஜிசி என்ற தரச்சான்று நிறுவனம் தொடங்கியது. இதழை அனுப்பினால் நிபுணர்கள் ஆராய்வார்கள். முதுகில் மடிப்புக்கோடு உண்டா, ஊக்கு துருப்பிடித்திருக்கிறதா, காகிதம் வெண்மையா பழுப்பா, யாராவது ரகசியமாக வண்ணம் பூசிச் சரிசெய்திருக்கிறார்களா என்றெல்லாம் பார்த்து, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, கெட்டியான ஒளிபுகும் பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்து முத்திரையிட்டுத் தருவார்கள். இதற்குப் பெயர் ஸ்லாப்.

இதில் நன்மை இருந்ததை மறுக்க முடியாது. அதற்கு முன்பு தபாலில் பழைய இதழ் வாங்குபவர் விற்பவரின் வார்த்தையைத்தான் நம்ப வேண்டும். போலிகளும், ஒட்டுப்போட்ட பிரதிகளும் ஏராளம். சான்று வந்ததும் ஏமாற்று குறைந்தது. ஆனால் கூடவே முன்பின் தெரியாதவரும் பங்குப் பத்திரம்போல காமிக்ஸை வாங்கி விற்க வழி பிறந்தது. கதை தெரிய வேண்டாம், ஓவியர் பெயர் தெரிய வேண்டாம், எண் தெரிந்தால் போதும். 9.6-க்கும் 9.8-க்கும் உள்ள வேறுபாட்டை நம் கண்ணால் காண்பது கடினம். விலையில் அது இரண்டு மடங்காகக்கூட இருக்கும். கூட்டை உடைத்துப் படித்தால் சான்று செல்லாது.

2020-இல் கொரோனா வந்து எல்லோரையும் வீட்டில் உட்கார வைத்தபோது இந்தச் சந்தை கொழுந்துவிட்டு எரிந்தது. 2021 செப்டம்பரில் ஸ்பைடர்மேன் அறிமுகமான 'அமேசிங் ஃபேன்டசி' 15-ஆம் இதழின் மிக நல்ல பிரதி 36 லட்சம் டாலருக்குப் போனது. 1962-இல் 12 சென்ட்டுக்கு விற்ற இதழ். திரைப்படத்தில் ஒரு பாத்திரம் வரப்போகிறது என்று வதந்தி கிளம்பினாலே, அந்தப் பாத்திரம் முதலில் தோன்றிய இதழின் விலை ஒரே வாரத்தில் ஏறியது. படம் ஓடவில்லையென்றால் இறங்கியது. 2022-க்குப் பிறகு அந்தக் காய்ச்சல் தணிந்து, உச்சத்தில் வாங்கியவர்கள் பலர் நட்டப்பட்டார்கள். ஆனால் சாதாரண வாசகர் தேடும் நடுத்தரப் பிரதிகளின் விலை பழைய இடத்துக்கு முழுமையாக இறங்கவில்லை. இதுதான் எனக்குக் கோபம் தரும் விஷயம். சூதாடியவர்கள் போய்விட்டார்கள், அவர்கள் ஏற்றிவிட்ட விலை தங்கிவிட்டது.

ஒரே கதை, பல அட்டை

புதிய இதழ்களின் விலைக்கு வருவோம். ஏன் 4 டாலர் 99 சென்ட்? காகிதமும் அச்சுக்கூலியும் ஏறியது உண்மை. ஆனால் அதைவிடப் பெரிய காரணம், வாங்குபவர்கள் குறைந்துவிட்டார்கள். 1950-களின் தொடக்கத்தில் 'வால்ட் டிஸ்னிஸ் காமிக்ஸ் அண்ட் ஸ்டோரீஸ்' மாதம் 30 லட்சம் பிரதி விற்றது. மருந்துக்கடை, மளிகைக்கடை, ரயில் நிலையம் என எங்கும் காமிக்ஸ் தொங்கியது. இன்று ஒரு இதழ் ஒரு லட்சம் பிரதி விற்றால் அது பெருவெற்றி. எழுத்தாளர், ஓவியர், வண்ணம் தீட்டுபவர், எழுத்து அமைப்பவர் என்று அதே கூட்டத்துக்குத்தான் ஊதியம். அதைப் பங்குபோட்டுக்கொள்ளும் வாசகர்கள் சிலரே.

1970-களில் ஃபில் சூலிங் என்பவர் முயற்சியால் காமிக்ஸுக்கென்றே தனிக்கடைகளுக்கு நேரடியாக அனுப்பும் முறை உருவானது. கடைக்காரருக்குக் கழிவு அதிகம். பதிலுக்கு, விற்காத பிரதியைத் திருப்பித் தர முடியாது. அந்த முறை காமிக்ஸைச் சில காலம் காப்பாற்றியது. ஆனால் வழியோடு போகும் குழந்தையின் கண்ணில் காமிக்ஸ் படுவது மெல்ல மெல்லக் குறைந்தது.

வாசகர் எண்ணிக்கையைக் கூட்ட முடியாதபோது, இருக்கும் வாசகரிடமே அதிகம் வாங்குவது என்ற முடிவுக்குப் பதிப்பாளர்கள் வந்தார்கள். அதன் கருவிதான் வேரியன்ட் அட்டை. கதை ஒன்றே, அட்டைப்படம் மட்டும் ஆறு, பத்து, சில சமயம் அதற்கும் மேல். பளபளக்கும் ஃபாயில் அட்டை என்றால் விலை இன்னும் கூடுதல். இவற்றில் சில 'ஒன்றுக்கு 25', 'ஒன்றுக்கு 100' என்ற கணக்கில் வரும். கடைக்காரர் சாதாரண அட்டையில் 25 பிரதி எடுத்தால்தான் அந்த அரிய அட்டையில் ஒன்று தருவார்கள். அவர் கடையில் உண்மையில் 12 பிரதிதான் விற்கும். மீதி 13-ஐத் திருப்பவும் முடியாது. அந்த நட்டத்தை எல்லாம் சேர்த்து அரிய அட்டையின் தலையில் வைத்து 40, 50 டாலருக்கு விற்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் பிழைக்க வேண்டும். இந்த ஏற்பாட்டை வகுத்தவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். விற்பனைப் பட்டியலில் எண் பெரிதாகத் தெரிகிறது. அந்த எண்ணுக்குப் பின்னால் படிக்கப்படாத இதழ்கள் கடைக் கிடங்கில் குவிகின்றன.

கடைக்காரருக்கு வேறொரு அடியும் விழுந்திருக்கிறது. 1990-களின் இறுதியிலிருந்து அமெரிக்கக் காமிக்ஸ் விநியோகம் ஏறக்குறைய முழுவதும் டயமண்ட் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது. 2020-இல் சூப்பர்மேனின் பதிப்பாளரான டிசி விலகியது. 2021-இல் மார்வெல் வேறிடம் போனது. 2025 ஜனவரியில் டயமண்ட் திவால் மனு கொடுத்தது. சிறு பதிப்பாளர்கள் அதனிடம் ஒப்படைத்திருந்த சரக்கு யாருக்குச் சொந்தம் என்று நீதிமன்றத்தில் இழுபறி நடந்தது. கடைக்காரர் இப்போது ஒரே வாரச் சரக்கைப் பல இடங்களிலிருந்து தனித்தனிக் கூரியர் செலவில் எடுக்கிறார். அதுவும் கடைசியில் வாசகர் தலையில்தான்.

சிவகாசிக் கணக்கு

தமிழிலும் காமிக்ஸ் சேர்ப்பவர்கள் உண்டு. அவர்கள் தேடலைப் பார்த்தவர்களுக்கு அமெரிக்கக் கதையில் பாதி பழகியதாகத் தோன்றும். 1972-இல் சிவகாசியில் சௌந்திரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. பிரிட்டனின் 'வேலியன்ட்' வார இதழில் பிறந்த கதை. 1984-இல் அவர் மகன் விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அதே ஆண்டில் தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸ் ஒன்றரை ரூபாய்க்கு மாதம் இருமுறை வந்தது. பெட்டிக்கடைச் சணல் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கியவை. வாடகை நூலகங்களில் ரப்பர் ஸ்டாம்ப் குத்து வாங்கி, நூறு கை மாறி, அட்டை போய், கடைசியில் பழைய பேப்பர் கடைத் தராசில் ஏறியவை.

வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் பத்து இதழாகச் சேர்த்து பைண்டிங் செய்தார்கள். பைண்டர் மூன்று பக்கமும் ஓரத்தை வெட்டிச் சமப்படுத்துவார். எங்களுக்கு அது பெருமையாக இருந்தது. இன்றைய சேகரிப்பாளர் கண்ணில் அந்த வெட்டு பெரும் குறை. கரையானும் புழுக்கமும் தம் பங்குக்குத் தின்றன. இங்கும் அருமை தானாகவே வந்தது. பழைய முத்து இதழ் ஒன்று நல்ல நிலையில் கிடைத்தால், அச்சிட்ட விலையைப்போல் பல நூறு மடங்கு கேட்கிறார்கள். கொடுக்கவும் ஆள் இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் லாபத்துக்காக வாங்குவதில்லை. பத்து வயதில் படித்த அதே புத்தகம், அதே தாள் வேண்டும் என்று வாங்குகிறார்கள்.

2012 ஜனவரியில் லயன் காமிக்ஸ் 'கம்பேக் ஸ்பெஷல்' 100 ரூபாய்க்கு வந்தபோது, பத்து ரூபாய் இதழுக்குப் பழகிய பலர் திகைத்தார்கள். எனக்கு அந்த விலை நியாயமாகவே பட்டது, இன்றும் படுகிறது. ஐரோப்பியப் பதிப்பாளருக்கு உரிமைத்தொகை, வண்ண அச்சு, ஆர்ட் பேப்பர், தமிழில் காமிக்ஸ் வாங்கும் சிறிய கூட்டம். இந்தக் கணக்கில் விலை குறைய வழியில்லை. முக்கியமாக, அந்த விலையில் வாசகருக்குக் கூடுதலாக ஏதோ கிடைத்தது: அதுவரை கறுப்பு வெள்ளையில் சிறிய அளவில் பார்த்த ஓவியங்கள் மூல வண்ணத்தில், பெரிய பக்கத்தில்.

மறுபதிப்பு என்ன செய்யும் என்பதற்கும் சிவகாசியே சாட்சி. ழான் வான் ஹாமும் வில்லியம் வான்ஸும் படைத்த பெல்ஜியத் தொடர் 'XIII', 'இரத்தப் படலம்' என்ற பெயரில் 2010-இல் பதினெட்டு பாகங்களும் ஒரே குண்டுப் புத்தகமாகக் கறுப்பு வெள்ளையில் 200 ரூபாய்க்கு வந்தது. தீர்ந்ததும் கைமாற்று விலை பல மடங்கு ஏறியது. 2018-இல் அதே தொடர் வண்ணத்தில் மறுபடி வந்தது. கதை வேண்டியவர்கள் கதையைப் பெற்றார்கள். பழைய பதிப்பு வேண்டியவர்கள் மட்டும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். மாயாவிக்கும், இன்னொரு பிரிட்டிஷ் நாயகனான ஸ்பைடருக்கும் 2015 முதல் வந்த மறுபதிப்புகள் இதையேதான் செய்தன. விலை ஏற்றத்துக்கு எனக்குத் தெரிந்த ஒரே நேர்மையான மருந்து இது. அமெரிக்காவிலும், தொகுப்பு நூலாக மலிவுப் பதிப்பில் வந்த கதைகளைத்தான் பிள்ளைகள் இன்று நூலகத்திலிருந்து எடுத்துப் படிக்கிறார்கள்.

கொடுத்தவர்கள்

'அமேசிங் ஃபேன்டசி' 15-ஆம் இதழுக்கு ஸ்டீவ் டிட்கோ வரைந்த மூல ஓவியப் பக்கங்கள் 24-ம் இன்று வாஷிங்டனில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. 2008-இல் ஒருவர் தன் பெயரை வெளியிட வேண்டாம் என்று சொல்லி இலவசமாகக் கொடுத்தார். அச்சான பிரதியே 36 லட்சம் டாலர் என்றால், ஸ்பைடர்மேன் பிறந்த அந்தத் தாள்கள் ஏலத்தில் எங்கே போயிருக்கும்! இன்று வாஷிங்டன் போய் அனுமதி கேட்டு யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

நம்மிடமும் அப்படி ஒருவர் இருந்தார். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா தன் வாழ்நாள் முழுக்கத் தமிழ் நூல்கள், இதழ்கள், நாடக நோட்டீஸ்கள், அழைப்பிதழ்கள் என்று மற்றவர்கள் எறிந்ததையெல்லாம் சேர்த்தார். அவர் மறைவுக்குப் பிறகு 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கி, தமிழ்நாட்டிலேயே வைத்தது. அதுதான் இன்று சென்னையில் இயங்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். ஒரு தனிமனிதரின் சேகரிப்பு பொதுச்சொத்தானது.

சேர்ப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். எண் பார்த்து வாங்காதீர்கள், கதை பார்த்து வாங்குங்கள். இரண்டு பிரதி இருந்தால் ஒன்றை ஒரு பிள்ளையிடம் கொடுங்கள், அது கிழித்தாலும் பரவாயில்லை. மறுபதிப்பு வந்தால் அதை ஆதரியுங்கள். உங்களுக்குப் பின் உங்கள் அலமாரி எங்கே போக வேண்டும் என்று வீட்டாரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். பரணில் அப்பாவின் காமிக்ஸ் கட்டு இருப்பவர்கள், எடைக்குப் போடும் முன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.

நூலகத் துறைக்கும் ஒரு கோரிக்கை உண்டு. மதுரையிலும் சென்னையிலும் அழகான சிறுவர் பிரிவுகளைக் கட்டியிருக்கிறோம். மாவட்ட மைய நூலகங்கள் ஒவ்வொன்றும் புதிய தமிழ் காமிக்ஸ் இதழ்களுக்குச் சந்தா கட்டினால், பதிப்பாளருக்கு அச்சு எண்ணிக்கை கூடும், விலை இறங்க இடம் கிடைக்கும், நூறு ரூபாய் இல்லாத குழந்தையும் மாயாவியைப் படிக்கும். உங்கள் ஊர் நூலகரிடம் இதை எழுத்தில் கேளுங்கள், இந்த வாரமே கேளுங்கள்.